அப்பாதுரை போட்ட ஆர்டர்

கார்டு ரூமில் அச்சு மிஷின் ஓடத் தொடங்கினால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுக்கும். அந்தத் திங்கட்கிழமை காலையிலும் அது அப்படித்தான் ஓடியது. மடிந்து மடிந்து விழுந்த காகிதத்தை லீலா கையில் ஏந்தி, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். பம்பு பழுது. தண்டவாளம் மாற்றம். காற்றுக் குழாய். அதற்கு அடுத்த வரியில் அந்தப் பெயர் வந்தது. அப்பாதுரை, ஷிப்ட் மேஸ்திரி. தொண்ணூற்றொன்றாவது லெவல், கிழக்குப் பாதை. கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டை மாற்ற, ஷிப்டுக்கு இரண்டு ஆள்.

அப்பாதுரை இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் ஏர் பிளாஸ்ட் வந்தது. பூமிக்கு அடியில் பாறை தன் பாரத்தைத் தாங்க முடியாமல் வெடித்துத் தெறிப்பதைக் கோலார் தங்கவயலில் அப்படித்தான் சொல்வார்கள். மாரிகுப்பத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் அலமாரித் தட்டுகள் உருண்டன, சுவரில் புதிதாக ஒரு விரிசல் ஓடியது. எந்த ஷாஃப்டுக் குழி, எந்த லெவல் என்று கேட்டுக்கொண்டு பெண்கள் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கிழக்குப் பாதையில் இருந்த ஆட்களை முன்னால் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த அப்பாதுரை அகப்பட்டுக்கொண்டார். மீட்புக்குப் போனவர்கள் அள்ள அள்ள மேலேயிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. அது எப்படி என்பது லீலாவுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

சுரங்கத்தில் எந்த வேலை நடப்பதென்றாலும் யாராவது ஆர்டர் போட வேண்டும். யார் போடலாம், எந்த நிதியிலிருந்து போடலாம் என்பதற்கெல்லாம் வரையறை உண்டு. மிஷின் வந்த பிறகு, ஆர்டர் போடும் உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் ஓட்டை போட்ட அட்டை ஒன்று செய்து, கார்டு ரூமில் ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். சாவி லீலாவிடம் இருந்தது. மேஸ்திரி வந்து கேட்டால் அவருடைய அட்டையை எடுத்து நீட்டுவாள். தன் ஆர்டருக்கு முன்னால் அவர் கையாலேயே அதை வைக்க வேண்டும். "உங்க கையால வைங்க அண்ணா," என்பது அவள் நாளெல்லாம் சொல்லும் வார்த்தை. அட்டை முன்னால் இல்லாத ஆர்டரை மிஷின் கீழே தள்ளிவிடும்.

பாதுகாப்பு நிதிக்கு மட்டும் இன்னொரு விதி இருந்தது. ஆர்டரைப் போட்டவர்தான் அதை முடிக்க வேண்டும். அதுவரை மிஷின் வாரா வாரம் அதை அச்சடித்துக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் ஒருவர் முட்டுக்கட்டைக்கு ஆர்டர் போட்டிருப்பார். பாதி வேலையில் இன்னொருவர் வந்து 'முடிந்தது' என்று எழுதிவிட்டு மரத்தைத் தன் இடத்துக்கு இழுத்துப் போய்விடுவார். அதைத் தடுக்க வந்த விதி. லீலாவுக்கு அந்த விதி பிடித்திருந்தது. ராபர்ட்சன்பேட்டை சாயங்கால வகுப்பில் வாத்தியார் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளைப் பற்றிப் பாடம் நடத்தியபோது, எழுந்து நின்று எங்கள் ஆபீசில் இருக்கிறது சார் என்று சொன்னதே அவள்தான். அப்புறம் அதிகம் பேசிவிட்டோமோ என்று இரண்டு நாள் வருத்தப்பட்டாள்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். அதை லாம்ப் ரூம்தான் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் விளக்கை வாங்கும்போது தன் பித்தளை டோக்கனை 'கீழே' என்று எழுதிய பலகையில் மாட்டுவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். பலகையில் யார் யார் டோக்கன் தொங்குகிறதோ அவர்கள் பெயர் தினமும் கார்டு ரூமுக்கு வரும். கீழே இருப்பவன் வேலையில் இருப்பவன். அவன் அட்டை செல்லும்.

அப்பாதுரையின் டோக்கன் இன்னும் அந்தப் பலகையில்தான் தொங்கியது. உடல் மேலே வராதவரை டோக்கனை எடுப்பதில்லை. இது எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் வெள்ளைக்கார மேனேஜர்கள் காலத்திலிருந்தே அதில் யாரும் கை வைத்ததில்லை. எடுத்தால் அவனை அங்கேயே விட்டுவிட்டோம் என்று ஆகிவிடும். சம்பள ஆபீஸ் தன் கணக்கில் அவரை அப்போதே முடித்துவிட்டது. சம்பள ஆபீசுக்குத் தெரிந்தது மிஷினுக்குத் தெரியாது.

முதல் மூன்று மாதம் அந்தச் சீட்டுகளை யாரும் எடுத்துப் போகவில்லை, பாதையே மூடிக் கிடந்தது. தை பிறந்ததும் கல்லை அள்ளிப் பாதி வழி திறந்தார்கள். புதிதாக வந்த அசிஸ்டென்ட் என்ஜினீயர் நாகேஷ், ஆர்டர் இருக்கிறது, மரம் இருக்கிறது, பிறகு ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்டார். மறுநாளிலிருந்து ஆள் போகத் தொடங்கியது. மிஷின் முறை வைத்துப் பெயர் போட்டது. போக மாட்டேன் என்றவனுக்கு அன்றைக்கு வேலைக்கே வராத கணக்கு.

இப்போது லீலாவின் கையில் இருந்தது அந்த வாரத்துச் சீட்டு. வியாழக்கிழமைக்கு நேராக இரண்டு பெயர் அடித்திருந்தது. இரண்டாவது பெயர் ரத்தினம். அவளுடைய அண்ணன்.

அவள் மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். முறை சரியாகத்தான் இருந்தது. மிஷின் தப்பே செய்யவில்லை.

*

சாயங்காலம் ரத்தினம் லைன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். லீலா வகுப்புக்குப் போகும் புடவையிலேயே போய் நின்றாள்.

"அண்ணா, வியாழக்கெழமை உனக்குத் தொண்ணூத்தியொண்ணு கிழக்கு வந்துகீது."

ரத்தினம் முழங்காலுக்குச் சோப்பு போட்டான். "அப்பாதுரை அண்ணன் கூப்ட்டுட்டாரா? சரி."

"இதுல இன்னா கிண்டலு?"

"கிண்டல் இல்லடி. ஷிப்டுல எல்லாரும் அப்டித்தான் கேக்குறானுங்க. இன்னிக்கு அண்ணன் யாரக் கூப்ட்டுகீறாருன்னு. கேஜுல ஏறுறப்ப சிரிச்சிக்கினுதான் கேக்குறானுங்க. எறங்கினப்புறம் எவனும் சிரிக்கிறதில்ல."

அவன் அடுத்த காலைக் குழாயில் நீட்டினான். பிறகு தானாகவே சொன்னான்.

"மொத நாளு போன சோடி ஒரு கட்டை நட்டுட்டு வந்தானுங்க. அடுத்த நாளு போனவனுங்க பாக்குறானுங்க, ரெண்டு நிக்குது."

"எண்ணத் தெரியாதவங்களா இருப்பாங்க."

"இருக்கும். ஆனா மாரிமுத்துக்கு எண்ணத் தெரியும்."

மாரிமுத்து தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். போன வாரம் அவன் முறை.

"கல்லு விழுந்துச்சுன்னுதானே சொன்னாங்க?" என்றாள் லீலா.

"விழுறதுக்கு முன்னாடி மடமடன்னு பாறை பேசிச்சு. பேசினா ஓடணும், அது சின்னப் புள்ளைக்கும் தெரியும். இவன் நின்னுட்டான். ஏண்டா நின்னேன்னு கேட்டா, எதிர்ப்பக்கம் கட்டையப் பிடிச்சிக்கினு யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு, ஆள விட்டுட்டு எப்டி வர்றதுன்றான்." ரத்தினம் குழாயை மூடினான். "கூடப் போனவன் அதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டான். உள்ள மாரிமுத்து ஒருத்தன்தான்."

"நீ போவாத அண்ணா."

"நான் போவலன்னா வேற எவனாவது போவணும். அதுவும் உன் மிஷின்தான் சொல்லும்." அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "நீ கிளாசுக்குப் போ. நேரமாவுது."

அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. சாம்பியன் ரீஃப்ஸ் புத்த விகாரை வரை நடந்தாள், உள்ளே போகாமல் திரும்பினாள். ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. இந்த ஆர்டரை இத்தனை வாரமாக அச்சடித்து அனுப்பியது யார்? மாரிமுத்துவின் பெயர் வந்த சீட்டையும் அவள்தான் ஓரம் கிழித்து அனுப்பினாள். அன்றைக்கு அவள் சாப்பாட்டை மீதம் வைக்கவில்லை. இப்போது அண்ணன் பெயர் வந்ததும் வகுப்பை விட்டுவிட்டு நடக்கிறாள். இது நியாயத்துக்கான பயமா, ரத்த பாசமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

*

செவ்வாய்க்கிழமை நாகேஷின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் வாசலிலேயே மறந்துவிட்டது.

"சார், தொண்ணூத்தியொண்ணு கிழக்கு ஆர்டர நிறுத்தணும் சார். போட்டவரு உயிரோட இல்ல."

நாகேஷ் மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழைக் கன்னடத்தோடு கலந்து பேசுவார். "நனகெ கொத்தும்மா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஹெட் ஆபீசுக்கு எழுதி ஆச்சு. ரிப்ளை இல்ல. போட்டவருதான் முடிக்கணும், இல்லன்னா லாம்ப் ரூம் அவர் பேரை எடுக்கணும். ரெண்டும் இல்லாம நான் என்ன மாடறது?"

"ஆளு அனுப்பாம இருக்கலாம் சார்."

"நோடும்மா, பாதுகாப்பு ஆர்டர் ஒண்ணு ஓப்பன்ல இருக்கு. நான் ஆள் அனுப்பல. நாளைக்கு அங்க பக்கத்துல ஏதாவது விழுந்து யாராவது செத்தா, ஆர்டர் இருந்துதே, ஏன் செய்யலன்னு யாரைக் கேப்பாங்க? என்னைத்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "மாரிமுத்துவ ஆஸ்பத்திரில போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்து, மேஸ்திரி நல்லா இருக்காரு சார்னு சொல்றான். அன்னிலேருந்து எனக்கே சரியில்ல. நீ லாம்ப் ரூம்ல கேளு."

லாம்ப் ரூமில் மரியகுழந்தை விளக்குகளைத் துடைத்து வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பலகை. பகல் நேரம், ஷிப்டு உள்ளே இருந்தது. டோக்கன்கள் நெருக்கமாகத் தொங்கின. மற்றவை தினமும் கைபட்டுப் பளபளத்தன. ஒன்று மட்டும் பச்சை பூத்துக் கறுத்திருந்தது. லீலா அதிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, கேக்க வந்தத நீ கேக்காமலே இருந்துடு," என்றார் மரியகுழந்தை. "என் கை அதுல படாது."

"ஆளுங்க அடிபடறாங்க மாமா."

"தெரியும். தினம் ராத்திரி ஷிப்டு ஏறினப்புறம் பலகை காலியாயிடும். அது ஒண்ணுதான் தொங்கும். காத்தே இருக்காது, ஆனா லேசா ஆடும். மிஷின் ஓடுறதால ஆடுதுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். மிஷின் நின்ன நேரத்துலயும் ஆடும்." அவர் துணியை உதறினார். "வீட்டுக்காரங்க வந்து எடுன்னா எடுப்பேன். அவரு சம்சாரம் நாகம்மா சொல்லணும். வேற எவன் சொன்னாலும் முடியாது, மேனேஜரே வந்தாலும்."

*

நாகம்மா தன் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். சுரங்கத்திலிருந்து கழித்துப் போட்ட பழைய முட்டுக்கட்டைகள். அப்பாதுரை இறந்த பிறகும் அவள் ஒவ்வொரு நாளும் காலை ஷிப்டு முடியும் நேரத்துக்கு ஷாஃப்டு வாசலில் போய் நிற்பாள். எல்லோரும் ஏறி வந்து கலைந்த பிறகு திரும்புவாள். யாரும் அவளிடம் ஏன் என்று கேட்டதில்லை.

"கார்டு ஆபீஸ் பொண்ணுதானே நீ?" என்றாள், கோடாலியை நிறுத்தாமல். "உங்க வீட்டு ஆளு பேரு எந்த நாளு?"

"வியாழக்கெழமை. எங்க அண்ணன்."

"மாரிமுத்து பேரு வந்தப்ப நீ வரல."

"வரலக்கா."

"அதுக்கு முன்னாடி போனவனுங்களுக்கும் வரல."

"இல்லக்கா."

நாகம்மா கோடாலியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள். "சரி, ஒத்துக்கறியே. உக்காரு. டோக்கன எடுக்கச் சொல்லணும், அதானே?"

"எடுத்தா அட்டை போயிடும். அட்டை போனா அவரு பேருல ஆர்டர் வராது."

"அவரு இல்லன்னு என் வாயால சொல்லச் சொல்ற." நாகம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அந்த டோக்கன எடுத்துட்டா அவரு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. அப்புறம் நான் எந்த வாசல்ல போய் நிக்கறது? நீயே சொல்லு."

லீலா எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். நாகம்மாதான் மறுபடி பேசினாள், குரலை இறக்கி.

"அந்த ஆர்டர எதுக்குப் போட்டாரு தெரியுமா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு துன்னும்போது சொன்னாரு. அந்தப் பாதை சரியில்ல நாகு, பசங்க நடக்குற எடம், கட்டை மாத்தணும்னு. பசங்க சாவக்கூடாதுன்னு போட்ட ஆர்டரு. இப்ப அதுவே பசங்கள இழுக்குது. லைன்ல இன்னா பேசறாங்கன்னு எனக்குத் தெரியாதா? அப்பாதுரை துணைக்கு ஆளு கேக்குறானாம். என் காதுல விழுற மாதிரியே பேசறாங்க." அவள் கண் கலங்கவில்லை. "அவரு அப்டிப்பட்ட ஆளு இல்ல."

"எனக்குத் தெரியும்கா."

"உனக்கு இன்னா தெரியும்? அவர ரெண்டு தடவ பாத்திருப்ப." விறகுத் துண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். "ஒரு பாதை கட்டைக்கும் அடங்காத அளவுக்குக் கெட்டுப் போச்சுன்னா மேஸ்திரிங்க இன்னா பண்ணுவாங்க?"

"கல்லுச் சுவர் வெச்சு அடைச்சிடுவாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது லீலாவுக்கு உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாகம்மா கோடாலியைப் பிடுங்கி இன்னொரு கட்டையை எடுத்து வைத்தாள். ஒரே போடு. கட்டை இரண்டாகப் போயிற்று. ஒரு துண்டை எடுத்து அதன் உள்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இருந்திருந்தா அடைச்சிருப்பாரு," என்றாள். "அது இன்னா, இருந்திருந்தா? உங்க மிஷின் கணக்குல அவரு இருக்காரு இல்ல? அப்ப அவரே ஆர்டர் போட்டு அடைக்கட்டும். அவரே முடிக்கட்டும். டோக்கன்ல மட்டும் எவனும் கை வெக்காதீங்க."

*

புதன்கிழமை காலை லீலா கார்டு ரூம் கதவைச் சாத்தினாள். அவள் வேலையே இதைத் தடுப்பதுதான். இன்னொருவர் அட்டையை வைக்க எந்த மேஸ்திரியையும் அவள் விட்டதில்லை. தம்பி அட்டையை அண்ணன் கேட்டாலும் தரமாட்டாள். தெரிந்தால் வேலை போகும். வேலை போவதைப் பற்றி ஒழுங்காக யோசிக்க உட்கார்ந்தாள், ஆனால் யோசனை அந்தப் பக்கமே போகவில்லை. பயம் வேறு இடத்திலிருந்து, பெட்டிக்குள் இருந்த அந்த அட்டையிலிருந்து வந்தது.

பெட்டியைத் திறந்தாள். அட்டைகள் எண் வரிசையில் நின்றன. அப்பாதுரையின் அட்டையை இந்த நாலு மாதத்தில் யாரும் கையில் எடுக்கவில்லை. மிஷினில் ஓடியது ஆர்டர் கட்டோடு இருந்த அதன் நகல்தான். ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. கடைசியாக வந்தபோது எண்ணெய்க் கையோடு வைத்தார், துடைச்சிட்டு வைங்க அண்ணா என்று அவள் கடிந்துகொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே கையைச் சட்டையில் துடைத்தார், ஆனால் அட்டையை வைத்த பிறகு.

புதிய ஆர்டரை அவளே ஓட்டை போட்டாள். தொண்ணூற்றொன்று கிழக்கு, பாதை வாயில் கல் சுவர், முழுதும் அடைக்க. பாதுகாப்பு நிதி. சரிபார்த்தாள். மறுபடி சரிபார்த்தாள். பிறகு அந்த அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். அவள் விரல் அந்த ரேகையின் மேல் விழுந்தது, விரலை நகர்த்தி வைக்க அவளால் முடியவில்லை. இந்தக் கணத்தில் இந்த அறையில் ஆர்டர் போடுவது யார் என்று அவளுக்கே தெரியவில்லை. கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து பார்ப்பதுபோல் சில்லென்று இருந்தது. மிஷின் சுவிட்சைத் தட்டினாள்.

மிஷின் தயங்கவில்லை. ஆர்டரை ஏற்றுக்கொண்டு அச்சடித்தது. அப்பாதுரை, ஷிப்ட் மேஸ்திரி. முறைப்படி வியாழக்கிழமைச் சோடியின் பெயரையே போட்டது.

நாகேஷ் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பழையது உள்ளே போய்க் கட்டை நடச் சொன்னது. புதியது வாயிலிலேயே நின்று அடைக்கச் சொன்னது.

"ஒரே எடத்துக்கு ரெண்டு ஆர்டர். எது கடைசியா வந்தது?"

"சுவரு சார்."

"மேஸ்திரி மனசு மாறிட்டாரா?"

"ஆமா சார்."

அவர் தலையைத் தூக்கினார். லீலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி இப்போ எல்லி இருக்காரு?"

"கீழ சார். லாம்ப் ரூம் லிஸ்டுல கீது."

நாகேஷ் அந்த லிஸ்டை வாங்கிப் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே பார்த்தார். அப்புறம் பழைய சீட்டை மேஜை டிராயருக்குள் தள்ளிவிட்டு, புதிய சீட்டில் கையெழுத்துப் போட்டார். "கல்லும் சுண்ணாம்பும் இன்னிக்கே கீழ போகட்டும். ஹோகு, நீ போ," என்றார், அவளை நிமிர்ந்து பார்க்காமல்.

*

வியாழக்கிழமை ஷிப்டு முடிவதற்கு வெகு முன்னாலேயே லீலா ஷாஃப்டு வாசலுக்குப் போய்விட்டாள். நாகம்மா அவளுக்கும் முன்னால் வந்து நின்றிருந்தாள், தினமும் நிற்கும் அதே இடத்தில். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தங்கம் பிரித்தெடுத்துக் கழித்த மண் குவிந்த சயனைடு மேட்டின் மேல் வெயில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. மேலே கம்பிவடச் சக்கரம் நின்றது, சுற்றியது, நின்றது.

ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடிக்கும் முறை மாரிகுப்பத்தில் எல்லாருக்கும் பாடம். மூன்று என்றால் ஆள் ஏறுகிறான், மேலே இழு. ஒன்று என்றால் நில். கீழேயிருந்து மணி வரும்போதெல்லாம் நாகம்மாவின் உதடு அசைவதை லீலா பார்த்தாள். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் இப்படி எண்ணிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

கடைசிக் கேஜில் ரத்தினம் வந்தான். முகமெல்லாம் சுண்ணாம்புப் புழுதி. நடை சரியாக இருந்தது, கை கால் சரியாக இருந்தது. அவன் தங்கையைப் பார்த்தான், ஆனால் நேராக நாகம்மாவிடம்தான் போனான்.

"ஆச்சுக்கா. மேல வரைக்கும் அடைச்சாச்சு."

"உள்ள எதனா கேட்டுச்சா?"

ரத்தினம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினான். இல்லை என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று லீலா நினைத்தாள். பாறை இடம் மாறும்போது ஆயிரம் சத்தம் வரும். அதைச் சொன்னால் போதும்.

"கடைசிக் கல்லு வெக்கறப்ப கேட்டுச்சுக்கா," என்றான் அவன். "அந்தப் பக்கத்துலேந்து. மூணு தட்டு."

நாகம்மா அவன் அருகில் வந்தாள். "உன் கூட்டாளிக்கும் கேட்டுச்சா?"

"அவனுக்கும் கேட்டுச்சு. அவன் கரண்டிய போட்டுட்டான்."

"நீ இன்னா செஞ்ச?"

"சுத்தியல எடுத்துத் திருப்பித் தட்டினேன்." அவன் ஹெல்மெட்டில் ஒருமுறை தட்டிக் காட்டினான். "ஒண்ணு."

ஏறி வந்த ஆட்கள் டோக்கன் வாங்க லாம்ப் ரூம் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாகம்மா ரத்தினத்தின் சுண்ணாம்புக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

"அப்புறம் தட்டுனாரா?"

"இல்லக்கா. நாங்க கொஞ்ச நேரம் நின்னோம். அப்புறம் தட்டல."

"சொன்னா கேப்பாரு," என்றாள் நாகம்மா. "எப்பவும் கேப்பாரு." கையை விட்டாள். பிறகு லீலாவின் பக்கம் திரும்பினாள். "நீ போய் முடிச்சிடும்மா. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேன்."

கார்டு ரூமில் யாரும் இல்லை. லீலா இரண்டு ஆர்டரையும் எடுத்தாள். சுவருக்கு 'முடிந்தது' என்று போடுவதில் சிக்கல் இல்லை. முட்டுக்கட்டை ஆர்டரில்தான் கை நின்றது. அந்த வேலை முடியவில்லை. முடியாத வேலைக்கு அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை கட்டுக்காவலும். ஆனால் மிஷினுக்கு வேறு சொல் தெரியாது. அந்தப் பாதையில் இனி யாரும் நடக்கப் போவதில்லை, அவர் கேட்டதும் அதுதான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது முழுச் சமாதானமாக இல்லை. இருந்தாலும் அப்பாதுரையின் அட்டையை முன்னால் வைத்துப் போட்டாள்.

காகிதத்தில் ஆர்டர் போட்டவர் என்ற இடத்தில் அப்பாதுரை என்று வந்தது. முடித்தவர் என்ற இடத்திலும் அப்பாதுரை என்றே வந்தது. பக்கத்தில் லாம்ப் ரூமிலிருந்து வந்த சாயங்காலப் பட்டியல் இருந்தது. ஷிப்டு முழுதும் ஏறிவிட்டது, கீழே ஒருவர்.

அவள் அந்த அட்டையை மற்ற மேஸ்திரிகளின் அட்டைகளுக்கு நடுவில், அதன் எண் வரும் இடத்தில் செருகினாள். ரேகையைத் துடைக்கவில்லை. பெட்டியைப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், அது விழுந்திருந்தது, ஆனாலும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.